மீந்த சவர்டோ ஸ்டார்ட்டரைக் காலை உணவாக்கிய அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

சவர்டோ ரொட்டி, அதாவது கடை ஈஸ்ட் இல்லாமல் புளித்த மாவால் பொங்க வைக்கும் ரொட்டி, சுடத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. ரொட்டி ஓரளவு கைவந்துவிட்டது. மனதை உறுத்திக்கொண்டே இருந்தது வேறு விஷயம். ஸ்டார்ட்டருக்குத் (மாவும் தண்ணீரும் கலந்து புளிக்கவைத்து வளர்க்கும் கலவை) தீனி, அதாவது புது மாவும் தண்ணீரும், போடும் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கை எடுத்து ஒதுக்க வேண்டியிருக்கிறதே, அந்த மீதி மாவு. முதல் இரண்டு மாதம் அதைக் குப்பையில்தான் கொட்டினேன். கொட்டும்போதெல்லாம் கை கூசும்.

ஏன் ஒதுக்க வேண்டும், அப்படியே வளரவிட்டால் என்ன என்று புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்பார்கள். நானும் கேட்டேன். 50 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவும் 50 கிராம் தண்ணீரும் போட்டால் 150 கிராம் ஆகிறது. அதில் எதையும் எடுக்காமல் மறுநாள் அதே விகிதத்தில் போட்டால் 450. அதற்கு அடுத்த நாள் 1350. எந்த ஜாடியும் தாங்காது.

சரி, பான்கேக் செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். ஸ்டார்ட்டர் என்றாலே மாவைப் பொங்க வைக்கும் என்பது என் நினைப்பு. வழக்கமான பான்கேக் கலவையில் 200 கிராம் மீதியைக் கூடுதலாகக் கொட்டிவிட்டு, இனி பேக்கிங் பவுடர் எதற்கு என்று அதைப் போடவில்லை. ஃபிரிட்ஜில் பன்னிரண்டு நாள் கிடந்த மீதி அது. பான்கேக் தட்டையாக, இழுத்தால் நீளும் தோல்போல வந்தது. புளிப்போ நாக்கைப் பிடித்தது. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. அன்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

எங்கே தவறினேன் என்று புரிய நாளாயிற்று. மாவும் தண்ணீரும் சம எடையில் போட்டு வளர்த்த ஸ்டார்ட்டரில் 200 கிராம் எடுத்தால், அதில் 100 கிராம் மாவு, 100 கிராம் தண்ணீர். அந்த இரண்டையும் கலவையிலிருந்து கழிக்க வேண்டும், நான் கழிக்கவில்லை. அப்புறம், பல நாள் பட்டினி கிடந்த மீதியில் ஈஸ்ட் சோர்ந்து போயிருக்கும். பத்து நிமிடத்தில் அது ஒன்றையும் தூக்கிவிடாது. மீதி மாவு தருவது புளிப்பு, அதாவது லாக்டிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும். அந்த அமிலத்தோடு சமையல் சோடா சேரும்போதுதான் கரியமில வாயு கிளம்பி பான்கேக் உப்புகிறது.

இப்போது நான் செய்யும் அளவு இது: மீதி மாவு 200 கிராம், மைதா 100 கிராம், பால் 120 மில்லி, ஒரு முட்டை, உருக்கிய வெண்ணெய் 30 கிராம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சோடா. கல் சூடான பிறகுதான் சோடாவைத் தூவிக் கலக்குவேன். கலந்த நொடியிலேயே நுரைக்கத் தொடங்கிவிடும், அந்த நுரை அடங்குவதற்குள் ஊற்றிவிட வேண்டும். இப்போது பிள்ளைகளே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

மீதி மாவை நீங்கள் என்ன செய்கிறீர்கள்? சரியாக வந்ததோடு வராததையும் எழுதுங்கள்.

* * *

சோடா பற்றி எழுதியது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, நான் பட்டதைச் சொல்கிறேன்.

வாழைப்பழ மஃபின் செய்தேன். அன்று காலையில்தான் ஸ்டார்ட்டரிலிருந்து எடுத்த மீதி, புளிப்பு அதிகம் ஏறாதது. புளித்த மாவுதானே என்று ஒரு தேக்கரண்டி சோடா போட்டேன். மஃபின் கருஞ்சிவப்பாக வெந்தது, கடித்தால் சோப்பு வாடை. ஒரு தட்டு முழுவதும் வீண். சோடாவைச் சரிக்கட்ட அந்த மாவில் போதிய அமிலம் இல்லை, மீந்த சோடா அப்படியே நின்றுவிட்டது. நிறம் அதிகமாகச் சிவந்ததற்கும் அதுதான் காரணம். காரத்தன்மை கூடினால் பண்டம் சீக்கிரம் சிவக்கும், புளிப்பு கூடினால் வெளுத்தே நிற்கும்.

அன்றிலிருந்து மீதியை முகர்ந்து பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். பால்போல, மாவுபோல மணந்தால் பேக்கிங் பவுடர் போடுவேன், சோடா ஒரு சிட்டிகையோடு சரி. மூக்கில் ஏறுகிற புளிப்பு வந்தால் சோடா. பேக்கிங் பவுடரில் அதற்குத் தேவையான அமிலம் ஏற்கெனவே கலந்திருப்பதால் அது மாவின் புளிப்பை நம்பி இருப்பதில்லை.

* * *

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வாஃபிள்தான், அதுவும் முந்தின இரவே கரைத்து வைத்தது. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் மீதி மாவில் நான் செய்த எதுவும் இதற்கு ஈடாகவில்லை.

சனிக்கிழமை இரவு படுக்கப் போகும் முன் மீதி மாவு 220 கிராம், மைதா 240 கிராம், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, தயிரும் பாலும் சேர்த்துக் கடைந்தது 450 மில்லி. எல்லாவற்றையும் பெரிய பாத்திரத்தில் கலந்து மூடி, வெளியிலேயே வைத்துவிடுவேன். சின்னப் பாத்திரம் வேண்டாம், இரவில் பொங்கி வழியும். இங்கேதான் பான்கேக்குக்கும் இதற்கும் வித்தியாசம். மேலே நண்பர் சொன்னதுபோல மீதியில் ஈஸ்ட் சோர்ந்துதான் கிடக்கிறது, ஆனால் புது மாவும் ஓர் இரவு நேரமும் கொடுத்தால் எழுந்துவிடும். காலையில் பார்த்தால் மேலெல்லாம் குமிழிகள், பழ வாசனைபோல ஒரு மணம்.

காலையில் இரண்டு முட்டை, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், முக்கால் தேக்கரண்டி உப்பு, கடைசியாக ஒரு தேக்கரண்டி சோடா. வாஃபிள் இரும்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆவி வருவது நின்ற பிறகுதான் திறப்பேன், அதற்கு முன் திறந்தால் நடுவில் பிளந்துகொள்ளும். எடுத்ததைத் தட்டில் அடுக்காதீர்கள், தன் ஆவியிலேயே நமுத்துப் போகும். கம்பித் தட்டில் பரப்பி 95 டிகிரி ஓவனில் வைத்தால் கடைசி ஆள் உட்காரும்வரை மொறுமொறுப்பு குறையாது.

கோடைக்காலத்தில் ஒரு மாற்றம். சமையலறை சூடாக இருந்தால் பன்னிரண்டு மணி நேரம் அதிகம். அப்போது இரண்டு மணி நேரம் வெளியில், பிறகு ஃபிரிட்ஜில்.

1890களின் இறுதியில் கனடாவின் குளோண்டைக் பகுதிக்குத் தங்கம் தேடிப் போனவர்கள் ஸ்டார்ட்டரைக் கூடவே சுமந்து திரிந்தார்கள். கடுங்குளிரில் அது உறைந்து விடாமல் உடம்போடு ஒட்டி வைத்துக் காத்ததாகச் சொல்வார்கள். அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய பழைய ஆட்களுக்கு ‘சவர்டோ’ என்றே பெயர் வந்துவிட்டது. சனிக்கிழமை இரவு மாவு கரைக்கும்போது எனக்கு அடிக்கடி அவர்கள் நினைவு வரும்.

* * *

ஒரு சந்தேகம். நான் ஸ்டார்ட்டர் தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது. இரண்டாம் நாளே இரண்டு மடங்கு பொங்கியது. அதிலிருந்து எடுத்த மீதியில் பான்கேக் செய்யலாமா? வாசனை மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது, பழைய சாக்ஸ்போல.

* * *

வேண்டாம் சகோதரி, அதைக் கொட்டிவிடுங்கள். முதல் சில நாள் பொங்குவது பெரும்பாலும் ஈஸ்ட்டால் அல்ல. மாவில் இயல்பாகவே இருக்கும் வேறு பாக்டீரியாக்கள் வாயுவை விடுகின்றன, அந்த வாடையும் அவற்றால்தான். புளிப்பு ஏற ஏற அவை அடங்கி, லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் கைப்பற்றிக்கொள்ளும். நடுவில் இரண்டு மூன்று நாள் ஒரு குமிழிகூட இல்லாமல் செத்ததுபோலக் கிடக்கும், பயப்படாமல் தீனி போடுங்கள். ஒழுங்காகப் பொங்கி, தெளிவான புளிப்பு மணம் வந்த பிறகு எடுக்கும் மீதியைத்தான் சாப்பிட வேண்டும். நான் முதல் இரண்டு வாரத்து மீதியைத் தொடவே இல்லை.

பழைய மீதி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் பிரிந்து நின்றால் பசியின் அடையாளம், அதில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். கலக்கலாம், அல்லது புளிப்பு குறைய வேண்டுமென்றால் வடித்துவிடலாம். ஆனால் இளஞ்சிவப்பு, ஆரஞ்சுக் கோடுகள், பூஞ்சை இதில் எது தென்பட்டாலும் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள். ஜாடியோடு காலி செய்யுங்கள்.

* * *

முட்டையும் இல்லை, பாலும் இல்லை, நேரமும் இல்லை என்ற காலைக்கு க்ரம்பெட், அதாவது கல்லில் வளையம் வைத்துச் சுடும், மேலே ஓட்டை ஓட்டையான சின்ன ரொட்டி. மீதி 270 கிராம், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சோடா. அவ்வளவுதான், வேறு மாவே வேண்டாம். சோடா விழுந்ததும் கிண்ணத்தின் பாதிக்கு நுரைத்து எழும். எண்ணெய் தடவிய வளையங்களைக் கல்லில் வைத்து, மிதமான தீயில், ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு ஊற்றுங்கள். மேலே ஓட்டைகள் விழுந்து, ஈரம் காய்ந்த பிறகு வளையத்தைக் கழற்றித் திருப்பிப் போடலாம்.

எனக்கு முதல் நான்கு முறையும் நடு வேகவில்லை. தீ அதிகம், அதனால் அடி கருகியது, மேலே பச்சை மாவு. தீயைக் குறைத்துப் பொறுமையாக எட்டு நிமிடம் விட்டதும் சரியாகிவிட்டது. ஓட்டைகளில் வெண்ணெய் உருகி இறங்கும்போது அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை என்று தோன்றும்.

* * *

எல்லோரும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். என் தங்கைக்கு சீலியாக் நோய் இருக்கிறது, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவள் குடலைப் பாதிக்கும். புளிக்க வைத்தால் குளூட்டன் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி, அவளுக்காகவே மீதி மாவில் மஃபின் செய்து எடுத்துப் போனேன். நல்லவேளை, அவள் கேட்டாள், சாப்பிடவில்லை. கோதுமை மாவில் வளர்த்த சாதாரண ஸ்டார்ட்டர் குளூட்டனைக் குறைக்கலாம், ஆனால் அந்த நோய் உள்ளவர்களுக்குப் பாதுகாப்பான அளவுக்கு அல்ல. அன்பில் செய்தாலும் ஆபத்து ஆபத்துதான். இப்போது அவளுக்குக் குளூட்டன் இல்லாத மாவில், தனி ஜாடியில், தனிக் கரண்டியோடு ஒரு ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, குழந்தைகள் கிண்ணத்தை நக்க விடாதீர்கள். பச்சை மாவில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். புளிப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பச்சையாகச் சாப்பிட முடியாது.

* * *

ரொட்டிக்கே பழைய மீதியைப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? நான் போட்டேன், பிசைந்த மாவு கையோடு ஒட்டிக்கொண்டு உருவமே எடுக்கவில்லை. பல நாள் புளித்ததில் குளூட்டன் அறுந்து போயிருக்கும். ரொட்டிக்கு அது கேடு, ஆனால் மஃபினுக்கும் ஸ்கோனுக்கும் அதே குணம் நல்லது, மெத்தென்று வரும். ஸ்கோனுக்கு வெண்ணெயைப் போலவே மீதியும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக, சில்லென்று வர வேண்டும்.

அளவைக் கப்பில் எடுக்காதீர்கள், தராசில் எடுங்கள். நுரைத்திருக்கும்போது ஒரு கப் என்பது வேறு, கலக்கி அடங்கிய பிறகு ஒரு கப் என்பது வேறு. மூடியை இறுக்காதீர்கள், என் கண்ணாடி ஜாடி ஒன்று வாயு அடைத்து விரிசல் விட்டது. கழுவுவது குளிர்ந்த தண்ணீரில். வெந்நீர் பட்டால் மாவு வெந்து பசையாகிவிடும். தொட்டிக் குழாயில் ஊற்றவும் கூடாது, உள்ளே போய் இறுகி அடைத்துக்கொள்ளும்.

* * *

எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. இவ்வளவு மீதி சேர விடுவதே தேவையில்லை. நான் ஃபிரிட்ஜில் வெறும் 20 கிராம் ஸ்டார்ட்டர்தான் வைத்திருக்கிறேன். ரொட்டி சுடுவதற்கு முந்தின நாள் தேவையான அளவுக்கு வளர்த்து, 20 கிராமை மட்டும் திரும்ப எடுத்து வைப்பேன். தூக்கிப் போட ஒன்றும் இருக்காது. வாரம் ஒரு முறை சுடுபவர்களுக்கு இது போதும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வாஃபிள் குறிப்பைப் படித்த பிறகு, இந்த வாரம் வேண்டுமென்றே 220 கிராம் வளர்க்கப் போகிறேன்.

* * *

தொடங்கி வைத்தவன் மறுபடி வருகிறேன். இரவே கரைத்து வைக்கும் வாஃபிளை நேற்று செய்தேன். வாஃபிள் இரும்பு என்னிடம் இல்லை, அதனால் அதே மாவைப் பான்கேக்காக ஊற்றினேன். என் பழைய பான்கேக்கைவிட இரு மடங்கு உயரம், உள்ளே வலை வலையாக, புளிப்பு பின்னால் மெல்லத் தெரிகிறது. மாவு கொஞ்சம் நீர்த்தது, அடுத்த முறை பாலும் தயிரும் 400 மில்லி போதும். சோடாவை முக்கால் தேக்கரண்டியாகக் குறைத்தேன், என் மீதி மூன்று நாள் பழையதுதான் என்பதால். சோப்பு வாடை துளியும் இல்லை.

எட்டுப் பான்கேக் மீந்தது. ஆறவிட்டு, இடையில் தாள் வைத்து ஃப்ரீசரில் போட்டேன். இன்று காலை நேராக டோஸ்டரில் போட்டுக் கொடுத்தேன், ஓரம் மொறுமொறுவென்று வந்தது. சின்னவன் மூன்று சாப்பிட்டான். க்ரம்பெட்டுக்கு வளையம் இல்லாதவர்கள் என்ன பயன்படுத்துகிறீர்கள்? அடுத்தது அதுதான்.