ஸ்பானிஷ் ஏவல் வினையில் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். வேலை விஷயமாக எட்டு மாதம் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். போய் இறங்கிய மறுநாள் மதியம், வீட்டுக்கார அம்மா ஒரு பெரிய கிண்ணத்தில் அஹியாக்கோ என்ற சூப் கொண்டுவந்து வைத்தார். கோழி, மூன்று வகை உருளைக்கிழங்கு, மேலே ஒரு துண்டு சோளக்கதிர். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, "கோமா, கோமா" என்றார். கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. கோமா என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்?

வகுப்பில் படித்தது 'கோமே'. அது 'சாப்பிடு'. அந்த அம்மா சொன்னது 'சாப்பிடுங்கள்'. விஷயம் இவ்வளவுதான்: ஆப்லார் (பேச), கோமேர் (சாப்பிட), எஸ்க்ரிபீர் (எழுத) மாதிரி ஒழுங்கான வினைகளில், 'அவர் பேசுகிறார்' என்பதற்கு உள்ள ஆப்லா என்ற வடிவமே 'நீ பேசு' என்பதற்கும். கோமே, எஸ்க்ரீபே அப்படித்தான். மரியாதை வேண்டுமென்றால் கடைசி உயிரை மாற்ற வேண்டும். ஆப்லா ஆப்லே ஆகும், கோமே கோமா ஆகும், எஸ்க்ரீபே எஸ்க்ரீபா ஆகும். பல பேரிடம் சொல்வதானால் இவற்றோடு ஒரு 'ன்': ஆப்லென், கோமான், எஸ்க்ரீபான். நமக்கு 'பேசு'வுக்கு 'ங்கள்' என்று வால் முளைக்கிறது, அவர்களுக்கு வால் நிறம் மாறுகிறது.

கோமா மரியாதை என்று தெரிந்ததும் என் மூளை 'ஆ' வந்தாலே மரியாதை என்று முடிவு கட்டிவிட்டது. கட்டட வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் மூன்று வாரம் "எஸ்பெரா, எஸ்பெரா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அதாவது, "இருய்யா, இரு". ஒருநாள் அவர் மெதுவாக, "எஸ்பெரே" என்று திருத்தினார். காது சூடாகிவிட்டது.

இன்னொன்று. அந்த அம்மா மூன்று வயதுப் பேரனிடமும் "கோமா, மி அமோர்" (சாப்பிடுங்க, செல்லம்) என்றுதான் சொல்வார். நாயைக்கூட 'பாசே' (உள்ளே வாங்க) என்றுதான் கூப்பிடுவார். பொகோட்டாவில் வீட்டுக்குள்ளேயும் இந்த உஸ்தெத் ('நீங்கள்') மரியாதை சகஜம். நான் பொள்ளாச்சிப் பக்கம். "சாப்பிடுங்க கண்ணு" என்று கேட்டு வளர்ந்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

—

அண்ணா, நான் மெக்சிகோ நகரத்தில் இருந்தேன். அங்கே யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் "மாந்தே?" என்பார்கள். மாந்தார் என்றால் கட்டளையிட, அதன் மரியாதை ஏவல் மாந்தே. 'கட்டளையிடுங்கள்!' முதலில் கேட்டபோது கூச்சமாக இருந்தது. அப்புறம்தான், நாமும் யாராவது கூப்பிட்டால் "சொல்லுங்க" என்று ஏவலில்தானே பதில் கொடுக்கிறோம் என்று உறைத்தது. பிள்ளைகள் 'கே?' (என்ன?) என்று கேட்டால் அம்மாக்கள் அதட்டுவார்கள், மாந்தே என்று சொல்லணுமாம். காலனிக் காலத்து அடிமைப் பேச்சு என்று அதை வெறுப்பவர்களும் உண்டு. என் காதுக்கு அது வெறும் பணிவுதான்.

ஏடிஎம் கதையும் ஒன்று இருக்கிறது. திரையில் ரெதீரே என்று வந்தது. எழுத்தில் பார்த்தால் நம்ம 'ரிட்டயர்' தான். கார்டு காலாவதி ஆகிவிட்டதோ என்று நான் பதற, பின்னால் நின்றவர் கார்டைக் காட்டி எடுக்கச் சொன்னார். ரெதிரார், எடுத்துக்கொள்ள. 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மெஷின் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறது.

—

அர்ஜென்டினாவின் புவேனஸ் ஐரெஸ் பக்கம் வாருங்கள், உங்கள் தொல்லை பாதி தீரும். அங்கே 'நீ' என்பதற்கு வோஸ். வினையின் கடைசி 'ர்'-ஐ வெட்டிவிட்டுக் கடைசி அசையை அழுத்த வேண்டியதுதான்: ஆப்லா, கோமே, எஸ்க்ரிபீ. வட்டமாக உட்கார்ந்து சுற்றில் விடும் மாதே பானத்தை நீட்டும்போது "தோமா" என்பார்கள். நம்ம 'இந்தா' அச்சு அசலாக அதுதான். நான் பவ்யமாக "கிராசியாஸ்" என்றேன், அடுத்த சுற்றில் என்னைத் தாண்டிப் போய்விட்டது. மாதே வட்டத்தில் நன்றி சொன்னால் போதும் என்று அர்த்தமாம். தெருவில் எல்லாரும் "மிரா, மிரா" என்று கத்துவதைப் பார்த்து யாரந்த மீரா என்று தேடியதையும் ஒப்புக்கொள்கிறேன். 'இங்கே பாரு' என்கிறார்களாம்.

—

ஸ்பெயினில் நண்பர் கூட்டத்திடம் ஆப்லாத், கோமேத், எஸ்க்ரிபீத் என்று சொல்ல வேண்டும் என்று படித்துவிட்டுப் போனேன். அங்கே பாதிப் பேர் 'த்' இருக்கவேண்டிய இடத்தில் 'ர்' போட்டு ஆப்லார் என்றே பேசுகிறார்கள். நான் அப்படி எழுதினால் மட்டும் ஆசிரியை சிவப்பு மையில் சுழிக்கிறார். நியாயமா இது?

—

மறுபடி நான்தான். பொகோட்டா அம்மா இப்போதும் வாட்ஸப்பில் குரல் செய்தி அனுப்புவார். கடைசியில் "எஸ்க்ரீபாமே" என்று முடிப்பார், 'எனக்கு எழுதுங்கள்'. 'எனக்கு' என்ற 'மே' ஏவலின் வாலில் ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் அழுத்தம் பழைய இடத்திலேயே, 'க்ரீ'யில் நிற்கும். அதனால்தான் எழுத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு விழுகிறது. போன வாரம் வந்த செய்திக்கு இன்னும் பதில் போடவில்லை.