பதிஞ்சு வாற பிளேன்

சின்ன பிளேன் தாழப் பறந்து விழுறதைப் பற்றி இஞ்ச கதை போகுது, விழுந்ததைக் கண்ணால கண்ட ஆக்கள் சொல்லுறீங்கள். நான் கண்ணால காணேல்ல, ஆனா எனக்கும் சொல்லக் கிடக்கு, கொஞ்சம் நீளமா வரும்.

எங்கட சொந்த இடம் திருகோணமலையில மூதூர் கிழக்கு. சின்ன வயசில "பதியுது", அதாவது பிளேன் தாழ இறங்குது, எண்ட சொல்லைக் கேட்டாலே உயிர் போயிடும். குண்டு போடுற பொம்மர் உயரத்தில சுத்திக்கொண்டு நிண்டாப் பரவாயில்ல, மூக்கைக் குத்திப் பதிஞ்சா தான் ஆபத்து, ஆரும் "பதியுது" எண்டு கத்தினா அடுப்பில சோறு கொதிச்சாலும் விட்டுட்டு பங்கருக்க பாயுறது தான். 2006 ல இடம்பெயர்ந்து, அங்க இஞ்ச அலைஞ்சு, கடைசியா சீனக்குடாப் பக்கம் வந்திருந்திட்டம். இஞ்ச விமானப்படைத் தளம் இருக்கு, பயிற்சி பிளேன் ஓடும். முதல் ரெண்டு வருசம் அந்தச் சத்தத்துக்கே எனக்கு வயித்தக் கலக்கும். மகள் சண்டை முடிஞ்ச பிறகு பிறந்தவள், அவளுக்கு அது விளையாட்டு, "அப்பா பதியுது பதியுது" எண்டு கை தட்டிக்கொண்டு முத்தத்துக்கு ஓடுவாள். அந்தச் சொல் என்ர வாயில இருந்து தான் அவளுக்குப் போனது.

2017 நவம்பர்ல டொரொண்டோவில இருக்கிற அத்தான் கோல் எடுத்தார், குரலே சரியில்ல. ரோய் ஹாலடே செத்திட்டார் எண்டார். எனக்கு ஆளைத் தெரியாது. பேஸ்போல்ல டொரொண்டோ அணி புளூ ஜேசுக்கு கனகாலம் பந்து எறிஞ்சவர், அத்தான் கனடா போன புதுசில வேலை முடிஞ்சு வந்து பார்த்த ஒரே விளையாட்டு அது தான். 40 வயசு தான் அந்த மனிசனுக்கு. ஐகான் ஏ5 எண்டு ரெண்டு பேர் இருக்கிற, தண்ணியிலயும் இறங்கிற குட்டி பிளேன், அவர் வாங்கி ஒரு மாசம் கூட வடிவா ஆகேல்ல. நவம்பர் 7, புளோரிடாக் கரையில தனியப் பறந்திருக்கிறார். தண்ணிக்கு மேல வெறும் 11 அடியில எல்லாம் போயிருக்கிறார் எண்டு விசாரணையில வந்தது, எங்கட வீட்டுக் கூரையே அதை விட உயரம். பிறகு செங்குத்தா மேல ஏத்தி, வேகம் விழுந்து, தலைகீழாக் கடலுக்க. உடம்பில மருந்துகளும் இருந்தது எண்டு 2020 ல வந்த கடைசி அறிக்கை சொல்லிச்சு. அவர் விழுந்த அதே 2017 மே மாசம் கலிபோர்னியாவில அதே மாதிரி பிளேன், ஓட்டினது அதைச் செய்யிற கொம்பனிட ஆக்களே, பதிஞ்சு போய் மலை இடுக்குக்க மாட்டுப்பட்டு ரெண்டு பேரும் செத்திட்டினம். அனுபவம் இல்லாத ஆக்கள் எண்டு ஆரும் சொல்லேலாது.

ஹாலடேட வீடியோ ஒண்டு இருக்கு, கடலில போட்டில நிண்ட ஆக்கள் எடுத்தது. அத்தான் அனுப்பினவர், ஒருக்காத் தான் பார்த்தன், என்ர மகள் முத்தத்தில நிண்டு அண்ணாந்து பார்க்கிறது தான் கண்ணுக்க வந்தது.

பிறகு எங்கட பக்கமே வந்திட்டுது. 2020 டிசம்பர் 15, இஞ்ச இருந்து ஏறின பயிற்சி பிளேன் கந்தளாய்ப் பக்கம் விழுந்து, படிச்சுக்கொண்டிருந்த பெடியன் போயிட்டான். 2023 ஓகஸ்ட் 7, சீனக்குடாவிலயே ஏறின கையோட விழுந்து ரெண்டு பேர். அண்டைக்கு நான் வீட்டில மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான், எஞ்சின் சத்தம் வழமை மாதிரித் தான் காதில விழுந்தது, பக்கத்து வீட்டு அண்ணை வந்து சொல்லுமட்டும் ஒண்டும் தெரியாது. ஒரு காலத்தில அந்தச் சத்தத்துக்குப் பாய்ஞ்சு ஒளிச்ச நான், அண்டைக்குத் தலை நிமித்திக் கூடப் பார்க்கேல்ல. அது தான் இன்னும் நெஞ்சுக்க நிக்குது.

அத்தான்ட மகனும் அங்க சின்ன பிளேன் ஓடப் பழகிறான். போன முறை வந்தவனை விடியக்காலமை கொட்டியாரக் குடாவுக்கு வள்ளத்தில கூட்டிக்கொண்டு போனன். காத்தே இல்ல, கடல் எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடந்தது, வானம் எது தண்ணி எது எண்டு தெரியேல்ல. "மாமா, இப்பிடிக் கடல் தான் எங்களுக்குப் பயம், எவ்வளவு உயரத்தில நிக்கிறம் எண்டு கண்ணுக்குப் பிடிபடாது" எண்டான். பிறகு கையைச் சரிச்சுக் காட்டினான், பிளேனை 60 பாகை சரிச்சு உயரம் விடாமத் திருப்பினா செட்டை ரெண்டு மடங்கு பாரம் தூக்க வேணுமாம், நிமிந்து போகேக்க தாங்கிற வேகம் அப்ப காணாதாம், 40 வீதம் அளவு கூட வேணுமாம். "3000 அடியில வேகம் விழுந்தா மூக்கைக் கீழ விட்டு எடுத்திடலாம் மாமா, 100 அடியில விடுறதுக்கு இடம் எங்க?" எண்டு கையை வள்ளத்துப் பலகையில டக்கெண்டு வைச்சான்.

அந்த நேரம் பாத்து கரைப் பக்கத்தால ஒரு பிளேன் வந்தது. அவன் கதையை விட்டுட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு "உயரம் இருக்கு, உயரம் இருக்கு" எண்டு தனக்குத் தானே சொன்னான், மற்றக் கை வள்ளத்து விளிம்பை இறுக்கிப் பிடிச்சிருந்தது. பங்கருக்க எங்கட அம்மா எங்களைப் பிடிச்ச பிடி அது.

இப்ப அவன் தனியப் பறக்கிறான். சனிக்கிழமையளில அவன் ஏறினா அக்கா எனக்குக் கோல் எடுப்பா, இஞ்ச எங்களுக்கு இரவு. ஊர்க்கதை, கறிக்கதை, எல்லாம் கதைப்பா, அவனைப் பற்றி மட்டும் ஒண்டும் கதைக்க மாட்டா. "இறங்கிட்டன் அம்மா" எண்டு அவன்ட மெசேஜ் வருமட்டும் போனை வைக்க மாட்டா, நானும் வைக்கிறேல்ல.