சீகோங்: எந்தக் கிளையைத் தேர்ந்துகொள்வது?

வைகறை:
எனக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. நாள் முழுவதும் கணினியின் முன் அமர்ந்து கணக்கு வேலை பார்க்கிறேன். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதோடு, இடது முழங்காலில் தேய்மானமும் உண்டு. மென்மையான பயிற்சி எதையாவது செய்யலாம் என்று மருத்துவர் கூறியதால், மூச்சையும் அசைவையும் மனத்தையும் இணைக்கும் சீனப் பயிற்சியான சீகோங் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவம், தாவோயியம், பௌத்தம், கன்பூசியம், போர்க்கலை என ஐந்து கிளைகளைச் சொல்கிறார்கள். அவற்றுக்குள் அசையும் பயிற்சி, அசையாப் பயிற்சி என்று வேறு பிரிக்கிறார்கள். எங்கள் ஊரிலுள்ள ஒரு பயிற்சி நிலையமோ ஏழு படிநிலைகளுக்குப் பெருந்தொகையை முன்பணமாகக் கேட்கிறது. என் நிலையில் இருப்பவர் எதைத் தேர்ந்துகொள்ளலாம்?

நெய்தல்நிலம்:
வைகறை அவர்களே, அந்த ஐந்து கிளைப் பகுப்பு நூல்களுக்கு உதவும், தேர்வுக்கு உதவாது. சீன அரசின் விளையாட்டுத் துறை 2003ஆம் ஆண்டில் பழைய முறைகளிலிருந்து நான்கைத் தேர்ந்து, சீர்படுத்தி, பொதுமக்களுக்கென வெளியிட்டது. எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகியவற்றின் அசைவைப் பின்பற்றும் வூச்சின்சி, ஆறு ஒலிகளோடு மூச்சை வெளியிடும் லியூஸிஜுவே, தசைநாண்களை இழுத்துப் பழக்கும் யீஜின்ஜிங் ஆகியவையே அந்த நான்கு. உங்களுக்கு நான் பாதுவான்ஜினையே பரிந்துரைப்பேன். ஒரு சுற்று கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பாயளவு இடம் போதும்.

முதல் அசைவில் விரல்களைக் கோத்து, உள்ளங்கைகள் வானத்தை நோக்குமாறு தலைக்கு மேலே உயர்த்துகிறோம். இரண்டாவதில் குதிரை மீது அமர்ந்தவரைப் போல முழங்கால்களை மடக்கி, வில்லை இழுக்கும் பாவனையில் கைகளை விரிக்கிறோம். நாள் முழுவதும் விசைப்பலகையின் மீது குவிந்து கிடக்கும் தோள்களுக்கு இந்த இரண்டுமே பெரிய விடுதலை. ஐந்தாவது அசைவில்தான் நீங்கள் கவனமாக இருக்கவேண்டும். கால்களை அகட்டித் தாழ்ந்து நின்று உடலைப் பக்கவாட்டில் சுழற்றவேண்டியிருப்பதால், தேய்ந்த மூட்டின் மீது பாரம் சாய்ந்து விழும். அங்கே அதிகம் தாழாமல் நின்றுகொள்ளுங்கள். ஆறாவதில் பாதங்களைத் தொடக் குனிவதற்குப் பதிலாக முழங்கால் வரை குனிந்தால் போதும்.

கருங்காலி:
நெய்தல்நிலம் சொல்வது உடற்பயிற்சி, சீகோங் அன்று. ஒரு குழு கூடி, எண்ணிக்கையையும் இசையையும் சேர்த்து, போட்டிகளில் மதிப்பெண் வழங்குவதற்கு ஏற்றவாறு அமைத்த வடிவத்தில், அசைவுகள் மிஞ்சும். உள்ளே நிகழவேண்டியது தவறிப்போகும். என் தேர்வு ஜான் ஜுவாங், அதாவது தூண்போல் நிற்கும் பயிற்சி. யீச்சுவான் என்னும் போர்க்கலையை உருவாக்கிய வாங் சியாங்ஜாய் (1885–1963), வடிவங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் குவிப்பதை விட்டுவிட்டு இந்த நிற்றலையே அடித்தளமாக வைத்தார்.

தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, முழங்கால்களின் இறுக்கத்தைத் தளர்த்தி, ஒரு பெரிய பந்தை அணைத்திருப்பதுபோலக் கைகளை மார்புக்கு முன்னே வளைத்து நிற்கவேண்டும். அவ்வளவுதான். இரண்டு நிமிடங்களில் தோள்கள் காதை நோக்கி ஏறுவதும், தாடை இறுகுவதும், ஒரு காலின் மீது மட்டும் எடை சாய்வதும் தெரியவரும். அசைந்துகொண்டே இருப்பவருக்கு இவை தெரியவே தெரியாது. முழங்காலை அதிகம் மடக்கத் தேவையில்லை என்பதையும் வைகறை கவனிக்கலாம்.

ஆடிக்காற்று:
தமிழர் கூடியிருக்கும் இடத்தில் யீஜின்ஜிங்கை ஒரே வரியில் கடந்துபோவது வியப்பளிக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து கடல் கடந்து சென்ற போதிதருமர் ஷாவ்லின் துறவிகளுக்கு அருளிய பயிற்சி அது என்று மரபு சொல்கிறது. அதன் முதல் மூன்று நிலைகளும் வெய்துவோ வச்சிர ஆயுதத்தை ஏந்தி நிற்கும் நிலைகள். அந்த வெய்துவோ வேறு யாருமல்லர், பௌத்தத்தில் காவல் தெய்வமான ஸ்கந்தனே. நம்மிடமிருந்து சென்ற ஒன்று நமக்குப் பொருந்தாமல் போகுமா?

நெய்தல்நிலம்:
ஆடிக்காற்று அவர்களே, அந்த உரிமைக்கு ஆவணம் துணை நிற்கவில்லை. யீஜின்ஜிங் நூலின் முன்னுரை ஏழாம் நூற்றாண்டினது என்று தன்னைச் சொல்லிக்கொண்டாலும், அதில் காலமுரண்கள் மலிந்திருக்கின்றன. நூல் 1624ஆம் ஆண்டையொட்டி ஒரு தாவோயியரால் எழுதப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் பரவலான கருத்து. போர்க்கலை வரலாற்றாசிரியரான தாங் ஹாவ், போதிதருமரோடு அதை இணைக்கும் கதையைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மறுத்துவிட்டார். போதிதருமரின் பிறப்பிடம் பற்றியும் சீனச் சான்றுகள் ஒத்துப்போகவில்லை: ஆறாம் நூற்றாண்டின் ஒரு நூல் அவரைப் பாரசீகர் என்கிறது, மற்றொன்று தென்னிந்தியர் என்கிறது. காஞ்சி என்பது அதற்கும் பின்னால் வந்து சேர்ந்தது.

அதைவிட முக்கியமானது உடல். யீஜின்ஜிங்கில் ஆழமாகக் குந்தி எழும் நிலை ஒன்று உண்டு. தலையைத் தாழ்த்தி முன்னோக்கி வளையும் நிலைகளும் உண்டு. முழங்கால் தேய்மானமும் இரத்த அழுத்தமும் உள்ளவரிடம் ஊர்ப்பற்றைக் காட்டி அதைப் பரிந்துரைப்பது முறையாகாது.

ஆடிக்காற்று:
குந்துவதைப் பற்றிச் சொன்னதை ஏற்கலாம். ஆனால் வரலாற்றுக் கூண்டில் போதிதருமரை மட்டும் ஏற்றுவது ஏன்? பாதுவான்ஜினையும் சீனச் சோங் அரச மரபுக் காலத்துத் தளபதி யுவே ஃபெய்யின் பெயரோடு ஒட்டியிருக்கிறார்கள். வூச்சின்சியை மருத்துவர் ஹுவா துவோ வகுத்தார் என்ற செய்தி பழைய வரலாறுகளில் இருக்கிறது. ஆனால் இன்று பூங்காக்களில் செய்யும் அசைவுகள் அவர் காட்டியவைதாம் என்று யாரால் உறுதி கூற முடியும்? ஏன், சீகோங் என்ற பொதுப்பெயரில் இவை அனைத்தும் ஒரு சிகிச்சைத் துறையாகத் திரட்டப்பட்டதே 1950களில்தான்; ஹெபெய் மாகாணத்தில் லியூ குய்ஜென் நடத்திய அரசு நலவிடுதிகளிலிருந்து அது பரவியது. சீனாவின் மாவாங்துய் கல்லறையில் 1973ஆம் ஆண்டு கிடைத்த, கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பட்டுத்துணியில் நாற்பத்து நான்கு மனிதர்கள் கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி செய்கிறார்கள். அந்தப் பயிற்சிக்குக் கிளையும் இல்லை, குருவின் பெயரும் இல்லை. ஒருவருக்கு நாள்தோறும் பாயை விரிக்க ஒரு பற்று வேண்டும். எனக்கு அது போதிதருமர்.

கருங்காலி:
ஆடிக்காற்றின் இந்த வாதம் எனக்கும் ஏற்புடையதே. பழமையை நிறுவ முடியாதபோது, பயிற்சி என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். அதனால்தான் நிற்கச் சொல்கிறேன்.

நெய்தல்நிலம்:
அப்படியே பார்ப்போம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் அசையாமல் நெடுநேரம் நின்றால், இரத்தம் கால்களில் தங்கித் தலைசுற்றல் வரக்கூடும். அசையும் பயிற்சியில் கெண்டைக்கால் தசைகள் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. மனத்தை உள்முகமாகத் திருப்பும் முறைகளில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது: 1980களில் சீகோங் மோகம் சீனாவைப் பிடித்தாட்டியபோது, பலர் மனநிலை தடுமாறி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேட்டிலும் அந்தத் தடுமாற்றம் இடம்பெற்றது.

கருங்காலி:
அந்தத் தடுமாற்றங்களுக்கு நின்றவர்களைக் குற்றம் சொல்வது நியாயமன்று. அரங்கு நிறையக் கூட்டத்தைச் சேர்த்துத் தம் ‘சீ’யை, அதாவது உயிராற்றலை, பாய்ச்சுவதாகச் சொன்னவர்களிடமும், உடலைத் தானே ஆடவிடும் முறைகளை வரம்பின்றிச் செய்தவர்களிடமும் போய் அதைக் கேட்கவேண்டும். தலைசுற்றல் பற்றிய எச்சரிக்கை சரியானது; அதற்கு மருந்து, நாற்காலியை அருகில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடங்களில் தொடங்குவது. பாதுவான்ஜினையே செய்பவர்களும் முதலில் சற்று நின்று பழகினால், அசைவுகளை வெறும் கைவீச்சாக்காமல் இருப்பார்கள்.

வைகறை:
பதிலளித்த அனைவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. நான் கேட்ட பயிற்சி நிலையத்தில், மூன்றாம் படிநிலைக்குப் பிறகு மாத்திரை தேவைப்படாது என்று உறுதியளிக்கிறார்கள். அதில் உண்மை இருக்குமா?

நெய்தல்நிலம்:
அங்கே போகாதீர்கள். சீகோங் இரத்த அழுத்தத்தைச் சற்றே குறைக்கலாம் என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. அவற்றில் பல சிறியவை, தரத்திலும் குறைந்தவை. அந்த வலுக்குறைந்த சான்றை நம்பி மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எந்தக் கிளையைச் சேர்ந்தவராயினும் ஆபத்தானவர். மருத்துவர் சொல்லாமல் அளவைக்கூடக் குறைக்கவேண்டாம்.

கருங்காலி:
இதில் எனக்கும் நெய்தல்நிலத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை. முன்பணம் கேட்காமல் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்க அனுமதிக்கும் ஆசிரியரைத் தேடுங்கள். முழங்கால் வலியைச் சொன்னவுடன் உங்கள் நிற்கும் நிலையை அவர் மாற்றித் தருகிறாரா என்று பாருங்கள்.

வைகறை:
அப்படியென்றால் பாதுவான்ஜினில் தொடங்குகிறேன். ஐந்தாவது அசைவை உயர்ந்த நிலையிலேயே செய்வேன். தொடங்குமுன் நாற்காலியின் அருகே இரண்டு நிமிடம் நின்றும் பார்க்கிறேன். யீஜின்ஜிங்கை முழங்கால் அனுமதித்தால் பிறகு பார்க்கலாம், ஆடிக்காற்று.

ஆடிக்காற்று:
முதல் மூன்று நிலைகளில் குந்தவேண்டியதில்லை, ஐயா. அவற்றை இப்போதே சேர்த்துக்கொள்ளலாம்.