ஸ்பட்: சங்கமா, களைக்கொத்தியா?

அகராதி: உருளைக்கிழங்குக்கு ஆங்கிலத்தில் 'ஸ்பட்' என்று பெயர் வந்தது, 'கெட்ட உணவைத் தடுக்கும் சங்கம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளால் என்று நேற்று ஒரு மேதாவி எழுதியிருந்தார். அதற்கு ஆகா ஓகோ வேறு. 1845இல் வெளியான, நியூசிலாந்து பற்றிய வேக்ஃபீல்டின் நூலிலேயே கிழங்குக்கு இந்தப் பெயர் இருக்கிறது. அதற்கு முன்பு ஸ்பட் என்றால் களை தோண்டும் கருவி. அதற்கும் முன்பு குட்டைக் கத்தி.

தேனிக்காரன்: அந்த மேதாவி நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். சங்கம் இருந்தது.

அகராதி: எந்த ஊரில்? ஒரு துண்டறிக்கை காட்டுங்கள், போதும்.

தேனிக்காரன்: மரியோ பெய் எழுதியிருக்கிறார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். உங்களைவிடக் கொஞ்சம் படித்தவர்.

அகராதி: அவர் எழுதியது 1949இல். பேராசிரியர் சொன்னால் சங்கம் முளைத்துவிடுமா? முதலெழுத்தைக் கூட்டிச் சொல் செய்யும் பழக்கம் பெருகியதே 20ஆம் நூற்றாண்டில்தான். துண்டறிக்கை எங்கே?

கரிசல்: மும்பையில் பட்டாட்டா என்பார்கள். போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். நம் ஆள்தான் உருளுவதைப் பார்த்து அழகாகப் பெயர் வைத்தான்.

மலைநாடன்: எல்லா உருளையும் உருளாது அண்ணே. ஊட்டிப் பக்கம் வந்து பாருங்கள், நீளமாகவும் விளையும்.

கரிசல்: ஊட்டியை இழுக்காமல் உங்களுக்குத் தூக்கம் வராதே!

தேனிக்காரன்: வெட்டுகிற கருவியின் பெயரை வெட்டப்படுவதற்கு வைப்பார்களா? அப்படியானால் விறகுக்குக் கோடரி என்று பெயர் வந்திருக்க வேண்டுமே.

அகராதி: தோண்டுகிற கருவி. வெட்டுகிற கருவி இல்லை. வாசிக்கவும் வராதா? அயர்லாந்தில் மர்ஃபி என்ற குடும்பப் பெயர் பரவலாக இருப்பதால் கிழங்கையே மர்ஃபி என்றார்கள். பேச்சுவழக்கு அப்படித்தான் ஓடும். துண்டறிக்கை இன்னும் வரவில்லை.

தேனிக்காரன்: பெயரிலேயே அகராதி. உங்களோடு பேசி ஆகுமா? புட்டு போர்ச்சுகலிலிருந்து வந்தது என்று போன மாதம் சாதித்தவர்தானே நீங்கள்!

அகராதி: புட்டைப் பற்றி நான் சொன்னது வேறு. அதற்குத் தனியாக வருகிறேன். சங்கத்துக்கு ஒரு துண்டறிக்கை.

மலைநாடன்: புட்டு எங்கள் ஊர்ப் பலகாரம். இரண்டு பேரும் அதில் கை வைக்காதீர்கள்.

கரிசல்: உங்கள் ஊர் எது? ஊட்டியா, கேரளாவா? முதலில் அதை முடிவு செய்யுங்கள்.