மறு: கிட்டப்பார்வைக் கையேடு – ‘வளர்ச்சிக் காரணி’க்கு மாற்றுச் சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் பிள்ளைகளுக்குக் கண் பார்க்கும்போது தாயும் தகப்பனும் சேர்ந்து வருவது அந்த நாட்களில்தான். வந்தவுடன் கேட்பது இதைத்தான்: “கண்ணாடி போட்டும் வருசா வருசம் பவர் ஏறுதே, ஏன்?” கண்ணின் வளர்ச்சியை ஆளும் புரதங்களைத் தொடாமல் இதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. அந்தப் புரதங்களுக்கு வரைவில் நாம் வைத்திருக்கும் ‘வளர்ச்சிக் காரணி’ (growth factor) என்ற சொல் இடறுவதும் அங்கேதான்.

தொண்டி ஐயா எழுதியது:

> ‘வளர்ச்சிக் காரணி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

புழங்கும் சொல்லைக் காக்க வேண்டும் என்பதில் ஐயாவோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஆனால் அதே பக்கத்தில் ‘பரம்பரை ஒரு காரணி, வெளியில் விளையாடாதது இன்னொரு காரணி’ என்றும் எழுதியிருக்கிறோம். படிப்பவர் புரதத்தையும் அந்த வரிசையில்தான் சேர்ப்பார். அதையாவது வாக்கியத்தை மாற்றிச் சரிசெய்துவிடலாம். பெரிய சிக்கல் வேறு.

பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளம். பெரியவர்களுக்கு 24 அளவில் நிற்கும். வளர்ந்த கண் தேவைக்கு மேல் 1 மில்லிமீட்டர் நீண்டாலே ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) மைனஸ் பவர் வந்துவிடும். இவ்வளவு நுணுக்கமான அளவைக் கண் தானே பார்த்துக்கொள்கிறது. பிம்பம் எங்கே விழுகிறது என்பதை விழித்திரை உணர்ந்து, நிறமிப் படலம், இரத்தக்குழாய்ப் படலம் வழியாகக் கண்ணின் வெளி உறைக்கு (ஸ்கிளீரா) செய்தி அனுப்புகிறது. மூளை குறுக்கே வர வேண்டியதில்லை. கோழிக்குஞ்சின் பார்வை நரம்பை வெட்டிய பிறகும் இது நடக்கிறது. ஜோஷ் வால்மன் குழுவினர் 1987-இல் காட்டியபடி, கண்ணின் ஒரு பாதிக்கு மட்டும் பார்வையை மறைத்தால் அந்தப் பாதி மட்டும் நீள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத சோதனை இது.

இப்போது புரதத்துக்கு வருவோம். சோதனைக்காகக் கிட்டப்பார்வை உண்டாக்கப்பட்ட மரமூஞ்சூறுகளின் (அணில் போன்ற சிறு பாலூட்டிகள்) கண் உறையில் ‘உருமாற்று வளர்ச்சிக் காரணி பீட்டா’ குறைகிறது. அது குறைய, உறைக்கு வலுத் தரும் நார்ப்புரதமான கொலாஜனை அதன் செல்கள் குறைவாக நெய்கின்றன. கொலாஜனை வெட்டும் நொதியின் வேலையோ கூடுகிறது. உறை மெலிந்து, இளகி, கண் பின்பக்கமாக நீள்கிறது. இதை நம் சொல்லில் எழுதிப் பாருங்கள்: ‘வளர்ச்சிக் காரணி குறைந்ததால் கண் அதிகமாக வளர்ந்தது.’ படிக்கிற தாய் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

பீட்டாவுக்குப் பெயர் வைத்தவர்களுக்கும் இதே சங்கடம் நேர்ந்தது. சோதனைக் குடுவையில் சாதாரண செல்களைப் புற்றுபோல வளர வைத்ததால் அந்தப் பெயர் வந்தது. பல வகைச் செல்களின் வளர்ச்சியை அதுவே அடக்கவும் செய்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆகவே கூட்டுதல், குறைத்தல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிற சொல்தான் நமக்கு வேண்டும்.

கீழக்கரை அக்கா சொன்ன ‘வளர்ச்சி ஊக்கி’யும் இதனால்தான் பொருந்தவில்லை. போதாததற்கு, ஊக்கி என்றால் சத்து டானிக் என்று எண்ணி மருந்துக்கடையில் போய்க் கேட்பார்கள். ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’ பொருளில் சரியானது. ஆனால் தாவரவியல் பாடத்தில் ஆக்சின், ஜிப்ரலின் என்ற தாவர ஹார்மோன்களுக்கு அது போய்விட்டது. அவை புரதங்கள் அல்ல. ‘புரதம்’ என்று பின்னால் ஒட்டினால் வாயில் நிற்காத நீளம்.

மூக்கையூர்த் தம்பியின் ‘தாமான் புரதம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாய்மரப் படகில் பாயை இழுத்துக் கட்டும் தாமான் கயிறு காற்றை உண்டாக்குவதில்லை. பாய் எவ்வளவு காற்று வாங்க வேண்டும் என்பதை இழுத்தும் இளக்கியும் முடிவு செய்கிறது. இந்தப் புரதங்களின் வேலையும் அதுதான். ஆனால் கமுதியிலும் பரமக்குடியிலும் கையேட்டைப் படிப்பவருக்குத் தாமானை முதலில் விளக்க வேண்டியிருக்கும். இங்கேகூட எஞ்சின் படகில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆகவே அது விளக்கத்தில் இருக்கட்டும், கலைச்சொல்லாக வேண்டாம்.

என் முன்மொழிவு ‘வளர்நெறிப் புரதம்’. வளர்பிறை போல வளர்நெறி, வினைத்தொகை. வளர்ச்சி எந்த வழியில், எந்த அளவில் போக வேண்டும் என்று நெறிப்படுத்துகிற புரதம். ‘வளர்நெறிப் புரதம் குறைந்ததால் கண் அளவுக்கு மேல் நீண்டது’ என்றால் எங்கும் இடறவில்லை. கோழிக்குஞ்சின் கண்ணில் இன்சுலின் நீளத்தைக் கூட்டுகிறது, குளுக்கோகான் தடுக்கிறது. இன்சுலினுக்கு இந்தச் சொல் பொருந்தும். குளுக்கோகான் சிறிய பெப்டைடுதான் (புரதத்தைவிடக் குட்டையான சங்கிலி), அதற்கு ‘வளர்நெறிப் பெப்டைடு’ என்று நீட்டிக்கொள்ளலாம். பீட்டா போன்ற தனிப் பெயர்களில் ‘வளர்ச்சிக் காரணி’ அப்படியே இருக்கட்டும். தொண்டி ஐயாவின் கவலைக்கு இது ஓரளவு பதிலாகும் என நம்புகிறேன்.

அப்புறம், இந்தப் பத்திக்கு அடுத்து, புரதம் குடித்தால் பவர் இறங்காது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். என்ன செய்யலாம் என்பதும் அங்கேயே வரட்டும். சீனாவின் குவாங்சோ நகரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. வெளிச்சத்தில் விழித்திரை சுரக்கும் டோபமின் என்ற வேதிப்பொருள் கண் நீள்வதைத் தடுக்கிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். மணலும் வெளிச்சமும் வாசலிலேயே இருக்கிற ஊர்களுக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

மீதி இருப்பது ஸ்கிளீரா, அதாவது கண்ணின் வெளி உறைக்கான சொல். வரைவில் ‘வெண்படலம்’ என்று இருக்கிறது. நம் பக்கம் கண்ணில் வெண்படலம் என்றால் புரையோ பூவிழுந்ததோ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த மடலில் ‘உறை’ என்றே எழுதியிருக்கிறேன். ‘விழியுறை’ சரிப்படுமா என்று கீழக்கரை அக்காவும் தொண்டி ஐயாவும் சொன்னால் வரைவைத் திருத்தி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
மண்டபத்திலிருந்து