ஹட்டன் மாடி வீட்டில் துணி காயவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

மாடிவீட்டு அம்மா:
வணக்கம். ஹட்டன் டவுனுக்கு மேலே மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. மே மாதம்தான் குடிவந்தோம். நான் பண்டாரவளைப் பக்கம் வளர்ந்தவள். அங்கே ஜூலையில் கச்சான் காற்று அடித்தால் கொடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் மொறுமொறு என்று காய்ந்துவிடும். இங்கே அதே ஜூலையில் ஐந்து நாளாக வெயிலையே காணோம். அம்மாவிடம் போனில் புலம்பினால், "இங்க தூசி தாங்க முடியல, உனக்கு மழையா?" என்கிறார்.

படுக்கையறையில் குறுக்கே கொடி கட்டித்தான் போடுகிறேன். மகளின் வெள்ளைச் சீருடை மூன்றாம் நாளும் இடுப்பு மடிப்பில் ஈரம். இஸ்திரி போட்டு அனுப்பினால் பத்து மணிக்கே முடை நாற்றம் எழும்புகிறதாம். நேற்று அலுமாரியைத் திறந்தேன், அவருடைய தோல் பெல்ட் முழுக்கப் பச்சைப் பூசணம். தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டுகிறது. பனிமூட்டம் உள்ளே வரக்கூடாது என்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தித்தான் வைக்கிறேன், ஆனாலும் காலையில் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கச் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா?

லயத்துப் பையன்:
அக்கா, எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டுக் காம்பராவில், அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடுவோம். ஒரே ராத்திரியில் காயும், புகை வாடைதான் கொஞ்சம் இருக்கும். நீங்கள் ஒரு சட்டியில் சிரட்டைக்கரி போட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள்.

பழைய டீமேக்கர்:
தம்பி, அதை மட்டும் யாருக்கும் சொல்லாதே. லயத்துக் கூரைத் தகரத்தில் நூறு இடுக்கு இருக்கிறது, புகையும் வாயுவும் வெளியே போய்விடும். இது கண்ணாடி ஜன்னல் போட்ட மாடி வீடு. கரி எரிந்தால் கார்பன் மோனொக்சைட் வரும், அதற்கு மணமே கிடையாது. தூங்குகிற பிள்ளை எழும்பாமலே போய்விடும்.

தங்கச்சி, கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து அறையைச் சூடாக்கும் யோசனையும் வேண்டாம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறக்குறைய 20 லீற்றர் தண்ணீர் வீட்டுக் காற்றில் ஏறியிருக்கும். சமைக்கும்போது குசினி ஜன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்துங்கள்.

நான் முப்பது வருஷம் தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டியவன். மழைக் கொழுந்து வந்தால் என்ன செய்வோம்? தொட்டியில் மெல்லியதாகப் பரப்பி, அடியிலிருந்து ஃபேன் காற்று விடுவோம். ரொம்ப ஈரமான நாளில் கொஞ்சம் சூடான காற்றைக் கலப்போம். ஆனால் கொழுந்தைத் தொட்டுப் போன காற்று திரும்ப வராமல் வெளியேறியாக வேண்டும். உங்கள் வீட்டில் அந்த வழியைத்தான் இறுக்கிச் சாத்தி வைத்திருக்கிறீர்கள். துணியிலிருந்து போன தண்ணீர் கண்ணாடியில் வழிகிறது, மிச்சம் பெல்ட்டில் குடியிருக்கிறது.

மாடிவீட்டு அம்மா:
ஐயா, வெளியே மேகமே ரோட்டில் நடக்கிறது. அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்தால் இன்னும் ஈரம்தானே வரும்?

பழைய டீமேக்கர்:
எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். குளிர்ந்த காற்றால் அதிகம் தண்ணீர் சுமக்க முடியாது. 14 பாகை குளிரில், பனிமூட்டத்துக்குள்ளேயே, ஒரு கன மீற்றர் காற்றில் இருக்கும் நீராவி 12 கிராம்தான். அதே காற்று உங்கள் அறைக்குள் வந்து 20 பாகைக்குச் சூடானால் 17 கிராம் வரை தாங்கும். அதாவது வெளியே 100 வீதமாக இருந்த ஈரப்பதம் உள்ளே 70 வீதத்துக்கு இறங்கிவிடும், துணியிலிருந்து இன்னும் 5 கிராம் வாங்க இடம் இருக்கும்.

ஒன்று மட்டும் கவனம். உள்ளேயும் வெளியே மாதிரியே குளிர் என்றால் இந்தக் கணக்கு பலிக்காது. பனித்துளி நேராக வந்து அடிக்கும் பக்கத்து ஜன்னலையும் திறக்க வேண்டாம், மறுபக்கத்தை நாலு விரல் அகலம் திறந்தால் போதும்.

கொடியைப் படுக்கையறையிலிருந்து முதலில் எடுங்கள். சின்ன அறை ஒன்றில் கட்டி, வீட்டுப் பக்கக் கதவைச் சாத்திவிடுங்கள். மேசை ஃபேனைத் துணிகளின் நீளத்துக்கு ஜன்னல் பக்கம் பார்த்து வையுங்கள். துணிக்கும் துணிக்கும் ஒரு கை இடைவெளி. சீருடையைத் தலைகீழாக, இடுப்பை விரித்துத் தொங்கவிடுங்கள், மடிப்பு கடைசியில்தான் காயும்.

நுவரெலியா வாசி:
மெஷின் என்னிடம் இருக்கிறது. வாங்கும் முன் எந்த வகை என்று கேளுங்கள். கம்ப்ரஸர் வைத்தது 15 பாகைக்குக் கீழே சரியாக வேலை செய்யாது, உள்ளே சுருளில் ஐஸ் கட்டும். எங்கள் ஊர்க் குளிரில் நான் பட்ட பாடு அது. ஹட்டனில் பகலுக்குப் பரவாயில்லை. மெஷின் ஓடும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் மலையையே உலர்த்தப் பார்க்கும். 250 வாட்ஸ் மெஷின் 8 மணிநேரம் ஓடினால் 2 யூனிட். யூனிட் கூடக்கூடப் பில்லின் விலைப்படியும் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு செலவில்லாத வேலை: வொஷிங் மெஷினில் இரண்டாம் தடவை ஸ்பின் விடுங்கள். பெல்ட்டை வெளியே வைத்துத் துடைத்து, நிழல் காற்றில் போடுங்கள். அலுமாரியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் நகர்த்துங்கள். வெள்ளைத் துணியின் கரும்புள்ளிக்கு ப்ளீச் போட்டால் வினாகிரி கலக்கவே கூடாது, விஷ வாயு வரும்.

மாடிவீட்டு அம்மா (பத்து நாள் கழித்து):
மெஷின் வாங்கவில்லை. ஃபேன் வாங்கப் போனேன், "ஹட்டனில் ஃபேனா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

குசினித் தராசில் நிறுத்துப் பார்த்தேன். காய்ந்தபோது 2.4 கிலோ இருந்த துணி மெஷினிலிருந்து 4 கிலோவாக வந்தது. மறு ஸ்பின்னுக்குப் பிறகு 3.7 கிலோ. சாமான் அறையில் சாயந்திரம் போடுகிற சீருடை மறுநாள் மத்தியானம் மடிப்போடு காய்ந்துவிடுகிறது. அதனால் ஒரு நாள் முந்தித் துவைக்கிறேன். நாற்றம் இல்லை என்று மகளே சொல்லிவிட்டாள். துவாயும் ஜீன்ஸும் மட்டும் இரண்டு நாள் எடுக்கிறது, அது போகட்டும்.

ஆனால் ஹாலின் மூலையில் ஒரு கறுப்புத் திட்டு துடைக்கத் துடைக்க வருகிறது. அங்கே துணியே போடுவதில்லை.

பழைய டீமேக்கர்:
சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு முழம் பொலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் கோத்தால் வீட்டுக் காற்று. சுவர்ப் பக்கம் கோத்தால் மழைத் தண்ணீர் ஊறுகிறது, அதற்கு உங்கள் ஃபேன் உதவாது.

மாடிவீட்டு அம்மா:
சுவர்ப் பக்கம்தான் ஐயா. வெளியே எட்டிப் பார்த்தால் கூரைத் தண்ணீர் ஓடும் பீலி சரியாக அந்த மூலையில் விட்டுப்போய்க் கிடக்கிறது. வீட்டு ஓனருக்குப் படம் அனுப்பினேன். இரண்டு நீலக் குறியும் விழுந்துவிட்டது, பதில்தான் வரவில்லை.