பிரட்னிசோலோன் மாத்திரையைக் குறைத்தவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் இருக்கும் என் அம்மா முடக்குவாதத்துக்காக இரண்டு ஆண்டுகளாகத் தினமும் 10 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எடுத்து வந்தார்; விரல் வீக்கம் வடிந்து, வாசலில் மறுபடி புள்ளிக்கோலம் போடும் அளவுக்குத் தேறியதும், யாரிடமும் கேட்காமல் திடீரென நிறுத்திவிட்டார். நான்காம் நாள் குடத்தைத் தூக்கப் போனவர் தலைசுற்றிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டீராய்டு நெடுநாள் வெளியிலிருந்து வரும்போது, பிட்யூட்டரி சுரப்பி சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளுக்கு அனுப்பும் தூண்டுதலைக் குறைத்துக்கொள்வதால், ரத்த அழுத்தம் விழாமல் காக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனை உடல் தானே சுரப்பது மங்கிவிடும் என்றும், அது மீள மாதக்கணக்கில் ஆகலாம் என்றும் விளக்கிய மருத்துவர், மாத்திரையை மீண்டும் தொடங்கியிருக்கிறார். வெறும் வலி மாத்திரை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

படிப்படியாகக் குறைத்தவர்கள், எத்தனை மாதம் ஆனது, நடுவில் காய்ச்சல் வந்தபோது மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மதுரையில் காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்க்கும் இடமும் தெரிந்தால் சொல்லுங்கள்.